அறிவியல் புனைவுத் திரையிடல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, 1959 முதல் 1975 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்கள் போரை எவ்வாறு எதிர்த்தன என்ற ஒரே பொருளுக்கு இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் ஒதுக்கப்பட்டன. ஆண்டு முழுவதும் ஒரே பொருள் என்றால் சலிப்புத் தட்டுமே என்று தொடக்கத்தில் தயங்கிய உறுப்பினர்களே இப்போது அதை நீட்டிக்கக் கோருகிறார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

முதலில் ராட் செர்லிங் உருவாக்கிய 'தி ட்விலைட் ஸோன்' தொடரை எடுத்துக்கொண்டோம். செர்லிங் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 11ஆவது வான்குடைப் படைப்பிரிவில் சேர்ந்து பிலிப்பைன்ஸில் போரிட்டவர். எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனின் கொலையை மனத்தில் கொண்டு 1950களில் அவர் எழுதிய நாடகங்கள், விளம்பரதாரர்களின் அழுத்தத்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றப்பட்டன. நேரடியாகச் சொல்ல விடாததை வேற்றுலகக் கதையாகச் சொன்னால் தணிக்கை கண்டுகொள்ளாது என்று அவர் கண்டறிந்ததில் அந்த அனுபவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1961 டிசம்பரில் வந்த 'எ குவாலிட்டி ஆஃப் மெர்சி' அத்தியாயத்தை உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் மறுமுறையும் திரையிட நேர்ந்தது. கதை நடப்பது 1945 ஆகஸ்ட் 6 அன்று, பிலிப்பைன்ஸில். குகைக்குள் அடைபட்டுக் கிடக்கும் காயம்பட்ட ஜப்பானியர்களைத் தாக்கியே தீர வேண்டும் என்று புதிதாக வந்த இளம் அமெரிக்க லெப்டினன்ட் துடிக்கிறான். போரில் களைத்துப்போன சார்ஜன்ட் தடுத்துப் பார்க்கிறார். கீழே விழுந்த தொலைநோக்கியைக் குனிந்து எடுத்து நிமிரும்போது அவன் 1942இல், கொரகிடோர் தீவில், ஜப்பானிய அதிகாரியாக நிற்கிறான். இப்போது குகைக்குள் காயம்பட்டுக் கிடப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்காக அவன் கெஞ்சும்போது, சற்று முன்பு அவனே சொன்ன காரணங்களை அவனுடைய மேலதிகாரி அவனிடம் சொல்கிறார். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் அமெரிக்கப் பார்வையாளரை ஜப்பானியச் சீருடைக்குள் நிறுத்திக் காட்டியது எளிய துணிவல்ல. பின்னாளில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஸ்பாக் வேடத்தில் புகழ்பெற்ற லெனார்ட் நிமாய் இதில் ஒரு சிறு வேடத்தில் வருவதை இளைய உறுப்பினர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

ஆண்டின் நடுப்பகுதி 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு உரியதாயிற்று. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் 1966 முதல் 1969 வரை, அதாவது வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், ஒளிபரப்பானது. 1967 பிப்ரவரியில் வந்த 'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடன்' பற்றிய விவாதமே இவ்வாண்டின் சிறந்த விவாதம் என்பது என் கருத்து. அதில் எமினியார், வெண்டிகார் என்ற இரு கோள்கள் ஐந்நூறு ஆண்டுகளாகப் போரிடுகின்றன. ஆனால் ஒரு குண்டுகூட வெடிப்பதில்லை. தாக்குதல்களைக் கணினிகள் கணக்கிடுகின்றன. இறந்ததாகக் கணக்கில் வந்தவர்கள் குறித்த கெடுவுக்குள் தாமாகவே சென்று சிதைவுக் கூடத்தில் நுழைந்து மாய்கிறார்கள். கட்டடம் இடிவதில்லை, பண்பாடு அழிவதில்லை, ஆகவே போரை நிறுத்த எவருக்கும் அவசரமும் இல்லை. மியா என்ற இளம்பெண் தன் பெயர் இறந்தோர் பட்டியலில் வந்துவிட்டதைக் கடமையுணர்வோடு, கலங்காமல் தெரிவிக்கும் காட்சியில் நம் கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. அங்கு வந்து சேரும் விண்கலத்தின் கேப்டன் கிர்க் அந்தக் கணினிகளை அழித்து, போரின் கோரத்தை அம்மக்களிடமே திருப்பித் தருகிறார். மனிதனிடம் கொலைவெறி இருக்கலாம், ஆனால் இன்று கொல்வதில்லை என்று முடிவெடுக்க அவனால் முடியும் என்பது அவர் வாதம். வியட்நாமில் கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கையை வெற்றிக்கணக்காக ராணுவம் அறிவித்துக்கொண்டிருந்த நாட்களில் இது ஒளிபரப்பாயிற்று. திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான ஜீன் எல். கூன், அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவர். செர்லிங், ராடன்பெரி, கூன் மூவருமே சீருடை அணிந்தவர்கள். இவர்களின் போர் வெறுப்பை ஏட்டறிவு என்று தள்ளிவிட முடியாது.

1968 பிப்ரவரி 2 அன்று, வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகளின் பெருந்தாக்குதலான டெட் தாக்குதல் தொடங்கிய ஓரிரு நாட்களில், ஒளிபரப்பான 'எ பிரைவேட் லிட்டில் வார்' நம்மிடையே கடும் கருத்து வேறுபாட்டை எழுப்பியது. ஒரு கோளில் கிளிங்கான்கள் என்ற எதிரி இனத்தார் ஒரு தரப்புக்குத் துப்பாக்கி தருகிறார்கள் என்பதால், வில்லும் அம்பும் மட்டுமே அறிந்த மலைமக்களுக்கு அதே அளவு துப்பாக்கி தருவது என்று கிர்க் முடிவெடுக்கிறார்; மருத்துவர் மெக்காய் வெகுண்டு எதிர்க்கிறார். இது போருக்கு வக்காலத்து வாங்கும் கதை என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வாதிட்டனர். ஏதேன் தோட்டத்துக்குப் பாம்புகளைத் தருகிறோம் என்று கிர்க் இறுதியில் கசந்து சொல்வதே கதையின் உண்மையான தீர்ப்பு என்று மற்றவர்கள் மறுத்தனர். நான் இரண்டாம் தரப்பினன். ஆயினும், அதே கதை ஆயுதம் தருவதைத் தவிர வேறு வழியைத் தேடவே இல்லை என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன்.

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடருக்குக் குறைந்த நேரமே கிடைத்தது. 1969இல் பத்துப் பகுதிகளாக வந்த 'தி வார் கேம்ஸ்' கதையில், பல காலத்துப் போர்களிலிருந்து கடத்தப்பட்ட வீரர்கள் இன்னும் தங்கள் போரையே நடத்துவதாக நம்பி மடிகிறார்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிக்குப் பின்னால் தளபதி நடத்தும் அவசர ராணுவ விசாரணையை மட்டும் பார்த்தாலே போதும். 1975இல் வந்த 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' கதையில், காலப்பயணம் செய்யும் நாயகனான டாக்டர் இரு மின்கம்பிகளைக் கையில் பிடித்தபடி, கொடிய இனம் ஒன்றைப் பிறப்பிலேயே அழிக்கத் தனக்கு உரிமை உண்டா என்று கேட்டுத் தயங்குகிறார். இதை முழுமையாகப் பேச இன்னொரு கூட்டம் தேவை.

ஒவ்வொரு திரையிடலுக்கும் முன்பு தமிழில் கதைச்சுருக்கம் தயாரித்து வழங்கிய உறுப்பினர்களுக்கும், கூடத்தை வாடகையின்றி அளித்தவர்களுக்கும் வட்டத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வரும் ஆண்டுக்கு, அணு ஆயுதப் போரைச் சித்திரித்த பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் படைப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பீட்டர் வாட்கின்ஸ் 1965இல் பிபிசிக்காக எடுத்து, அந்நிறுவனமே 1985 வரை ஒளிபரப்பாமல் வைத்திருந்த 'தி வார் கேம்', ஷெஃபீல்டு நகரைக் களமாகக் கொண்டு 1984இல் வந்த 'த்ரெட்ஸ்' ஆகிய இரண்டும் முதல் கூட்டங்களுக்குக் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் காட்சிகள் மிகக் கடுமையானவை என்பதால் சிறுவர்களை அழைத்து வர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இப்பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்