'ஐ5 முழு செட்' என்று எழுதினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு கணினிக் கடைகளில் பெற்றோர் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் வாங்கி வரும் கொட்டேஷன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: "ஐ5 பிராசசர், மதர்போர்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்." அதன் கீழே மொத்தத் தொகை. (பிராசசர் கணினியின் மூளை, மதர்போர்டு பாகங்களை இணைக்கும் பலகை, ராம் வேலை நினைவகம், எஸ்எஸ்டி சேமிப்பகம், கேபினட் வெளிப்பெட்டி, எஸ்எம்பிஎஸ் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி.) ஒரு வரியில்கூட மாடல் எண் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் கொடுத்தாலும் சொந்த ஊர்க் கடையில் கொடுத்தாலும், இந்தச் சீட்டை வைத்து இரண்டு கடை விலையை ஒப்பிட வழியே இல்லை. குறைந்த செலவில் முதல் கணினி அசெம்பிள் செய்கிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடியை அன்று. ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணை.

'ஐ5' என்ற சொல்லையே பாருங்கள். அது இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் வரிசை ஒன்றின் பெயர். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிராசசரும் ஐ5தான், 2022-இல் வந்த 12400-உம் ஐ5தான். பழையதற்கு ஹெச்61 மதர்போர்டு புதுப் பெட்டியிலேயே இன்னும் விற்கிறது. மேலே பளபளப்பான கேபினட் மாட்டிவிட்டால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்த நிலையில் மூன்றாம் தலைமுறை ஐ5 வாங்குவதைவிட 12-ஆம் தலைமுறை ஐ3-12100 எவ்வளவோ மேல். அதில் கோர் எனும் கணக்கிடும் பகுதி 4தான். இருந்தாலும் அந்தப் பழைய ஐ5-ஐ எளிதாக முந்திவிடும்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தும் முக்கியம். 12100எஃப், 12400எஃப் என்று முடிந்தால் பிராசசருக்குள், திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதி இல்லை. தனி கார்டு போடாவிட்டால் மானிட்டரில் ஒன்றும் வராது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி-யில் கணக்கு வேறு. ரைசன் 5 5600-இல் கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் இல்லாத மாணவருக்கு 5600ஜி இன்றைக்கும் நல்ல தேர்வு என்பது என் கருத்து: 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைச்சரடு), 65 வாட், பெட்டியிலேயே ஃபேனும் வருகிறது. நிரல் எழுதுவது, வீடியோ பாடம் பார்ப்பது, சுமாரான கேம் ஆடுவது என எல்லாவற்றுக்கும் போதும். அடுத்த ஆண்டு கட்டாயம் கார்டு வாங்குவோம் என்பவர்கள் 5600 அல்லது 12400எஃப் பக்கம் போகலாம். கார்டைச் செருகும் பிசிஐஇ இணைப்பில் 5600ஜி பழைய 3.0-உடன் நின்றுவிடுவதால், அந்த இணைப்பில் நான்கே லேன் (தடம்) உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகள் அதில் வேகம் இழக்கும்.

'மதர்போர்டு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளும் நிறைய ஒளிந்திருக்கிறது. ஹெச்610 வகைப் போர்டு என்றால் ராம் செருகும் ஸ்லாட் இரண்டுதான். அதே ஹெச்610 டிடிஆர்4 வகை ராமுக்கு ஒரு போர்டாகவும் டிடிஆர்5-க்கு வேறொரு போர்டாகவும் வருகிறது. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது, வெட்டுப்பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். பழைய பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) உள்ள ஹெச்610, பி660 போர்டுகளில் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர் உயிர்பெறாது. பழைய இருப்பான பி450-இல் ரைசன் 5000 வரிசைக்கும் இதே கதி. கடையிலேயே பயாஸ் அப்டேட் செய்து, திரை வருவதைக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும்.

2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு கொட்டேஷனில் முதலில் கத்தி விழுவது அங்கேதான். (ரூபாய்க் கணக்கு எதையும் நான் எழுதாததற்கும் அதுவே காரணம்.) 5600ஜி போல ராமிலிருந்தே வீடியோ நினைவகத்தை எடுத்துக்கொள்ளும் பிராசசருக்கு ஒற்றை 16 ஜிபி போடுவது தவறு. டிடிஆர்4-3200 ராம் ஒன்றே இருந்தால் (ஒற்றைச் சேனல்) நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டாக இருந்தால் (இரட்டைச் சேனல்) 51.2 ஜிபி கடத்தும். அதனால் 8 ஜிபி இரண்டாகவே போட வேண்டும். தனி கார்டு உள்ள கணினியில் இந்த வித்தியாசம் அவ்வளவு உறைக்காது. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டென்றால் இப்போது ஒரு 16 ஜிபி, பிறகு இன்னொன்று என்று போவதில் தப்பில்லை. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ராமையும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் செருகுவதுதான் வழக்கம். ஹீட்சிங்க் போட்ட ராம் பல, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கும்வரை 2133 அல்லது 2666 வேகத்திலேயே ஓடும்.

எல்லாவற்றையும்விட மோசமான வரி 'கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்'. இனாமாக வரும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். கீழே கட்டம் போட்ட பட்டியலில் +12வி என்ற பத்தியில் 16 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சக்தியை உறிஞ்சுவது இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே பத்தியில் 35 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கும், 80 பிளஸ் என்ற மின்திறன் முத்திரையும் இருக்கும். கார்டு இல்லாத 5600ஜி கணினி முழு வேலையிலும் 150 வாட்டைத் தொடாது என்பதால் மட்டமான எஸ்எம்பிஎஸ் சில காலம் ஓடிவிடும். பிறகு 130 வாட் கார்டு ஒன்றை மாட்டும்போதுதான் வினை. அதற்கான 6+2 பின் வயர் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்காது. கடையில் ஒரு மோலெக்ஸ் (பழைய 4 பின் வயர்) கன்வெர்ட்டரைக் கொடுத்து ஒட்டுப்போடுவார்கள். அந்த மெல்லிய வயர் சூடேறி, கனெக்டர் பிளாஸ்டிக் உருகும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக, பெயர் சொல்லி வாங்குங்கள். கார்டு இல்லையென்றால் 450 வாட், பின்னால் நடுத்தரக் கார்டு போடும் எண்ணமிருந்தால் 550.

இதோடு சேர்ந்த விஷயம் எர்த். கேபினட்டில் கை பட்டால் சுர்ரென்கிறது என்று எஸ்எம்பிஎஸ்ஸைக் குறை சொல்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினட்டுக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாத பிளக் பாயின்டில் செருகினால் கேபினட் மின்னழுத்தத்தில் சுமார் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினாலும் சுர்ரென்றுதான் இருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்வதே வழி.

எஸ்எஸ்டி-யில் 'எம்.2' என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் நொடிக்கு 550 எம்பி-யோடு நிற்கும் சாட்டாவும் உண்டு, 3,500 எம்பி வரை போகும் என்விஎம்இ-யும் உண்டு. விலை ஏறக்குறைய ஒன்றென்றால் என்விஎம்இ-யையே கேளுங்கள். கேபினட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருந்தால் காற்று எங்கிருந்து வரும்? சல்லடை முகப்பு உள்ளதே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் போடலாம்.

அசெம்பிள் செய்து முடித்ததும் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால் உடனே போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பிராசசர் அருகே மேல் மூலையில், பிராசசருக்கு மின்சாரம் தரும் 4+4 பின் வயர் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போர்டின் முக்கிய 24 பின் வயரை மட்டும் செருகிவிட்டு இதை மறப்பவர்களே அதிகம். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். எஃப் வகைப் பிராசசர் என்றால் மானிட்டர் வயர் போர்டில் அல்லாமல் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில், போர்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்ட்-ஆஃப் திருகு ஒன்று முட்டிக்கொண்டிருந்தாலும் ஷார்ட் ஆகும். போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், ஃபேன், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் (பிராசசரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டும்) இணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேபினட்டில் ஏற்றினால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

பில் விஷயத்திலும் கடைகள் மாற வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதத்தை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்று வெள்ளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், வாரன்டிக்குப் போகும்போது கையில் ஆதாரமே இருக்காது. பெட்டியோடு வரும் பிராசசருக்கு நிறுவனத்தின் 3 ஆண்டு வாரன்டி உண்டு. பெட்டியில்லாத 'ட்ரே' பிராசசருக்கு விற்றவர் சொன்ன சொல்தான் வாரன்டி. ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதித் தருவதை வணிகர் சங்கங்களே கடைகளுக்குக் கட்டாயமாக்கலாம்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சி.