எல்-60 இன்னும் உள்ளேதான் இருக்கிறது

தக்கலை
ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கராஜ்,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் வீட்டிலும் நலம் என்று சேவியர் சொன்னான். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நாள் நெருங்கிவிட்டது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் இருக்கிறது, அதனால் வீட்டில் மரச்சீனியும் மத்திக் குழம்பும் வாரம் ஒருமுறை மட்டும் அனுமதி. குடும்பச் செய்தி இவ்வளவுதான். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று நீ முறைத்துக்கொண்டிருப்பாய். இரு, முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஒரு விஜயந்தா டாங்கி கைக்கு வந்திருக்கிறது மக்கா.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு கல்லூரி. வாசலில் காட்சிக்கு வைக்க ராணுவத்திடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். டிரெய்லரில் வந்து இறங்கிய அன்று மேளதாளம், மாலை, எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருடம் ஒரு காண்டிராக்டரைப் பிடித்து, பளபளவென்று ஆக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் துருவுக்கு மேலேயே கிளிப்பச்சை எனாமல் பூசிவிட்டான். சக்கரத்து ரப்பரும் பச்சை, டிராக் பின்னும் பச்சை, டிரைவர் பெரிஸ்கோப் கண்ணாடியும் பச்சை. பக்கத்தில் மேய்ந்த பசு எப்படித் தப்பியது என்றுதான் தெரியவில்லை.

ஆனி ஆடிச் சாரல் முடிந்ததும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. குத்தினால் செம்மண் நிறத்தில் தண்ணீர் வடிகிறது. மருமகளின் தம்பி அங்கேதான் படிக்கிறான். அவன், “எங்க அக்கா மாமனார் டாங்கி மெக்கானிக்” என்று போட்டுக்கொடுத்துவிட்டான். பிரின்சிபால் போன் பண்ணி, “சார், ஒரு எட்டு வந்து பார்த்துச் சொல்லுங்களேன்” என்றார். பார்த்துச் சொல்லத்தான் போனேன். இப்போது தினமும் பழங்கஞ்சியைக் குடித்துவிட்டு ஓவரால் மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். உன் தங்கச்சி என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

டிரைவர் ஹேட்சைத் திறந்தால் உள்ளே குளம். சீட் வரைக்கும் தண்ணீர், மேலே பாசி, ஸ்டியரிங் லீவர் மேல் இரண்டு தவளைகள். அடித்தட்டில் இருக்கும் வடிகால் மூடிகளைத் திறந்துவிடவே இல்லை. மேலே விழும் மழைத்தண்ணீர் எல்லாம் உள்ளே இறங்க வழி உண்டு, வெளியே போக வழி இல்லை. வெறும் காட்சிக்கு நிற்கும் டாங்கியை அழிப்பது கடல் காற்று மட்டுமில்லை, இந்த மூடிதான். பக்கத்து வயலில் இருந்து மண்ணெண்ணெய் பம்பு செட்டைக் கொண்டுவந்து இறைத்தோம். இறைத்து முடிந்ததும் உள்ளே இருந்து ஒரு வாசனை வந்தது. பழைய கிரீஸ், டீசல், நனைந்த கேன்வாஸ், துரு எல்லாம் கலந்தது. உனக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இனிதான் விஷயம். இப்படிக் கொடுக்கிற வண்டியில் இன்ஜினை உருவிவிட்டுத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். இன்ஜினை மூடியிருக்கும் பின்பக்க டெக்கைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கினேன். எல்-60 இன்ஜின் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! எத்தனை ராத்திரி அந்தச் சனியனைத் திட்டியிருப்போம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, சிரிக்காதே.

கூடவே ராயப்பன் நின்றான். குளச்சலில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவன், லேலண்ட் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “ஹெட் எங்க அண்ணாச்சி?” என்றான். சிலிண்டரை மேலே மூடுகிற ஹெட்டே இதற்குக் கிடையாது என்றேன். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டான். சாக்பீஸ் எடுத்து டிராக் கார்டு மேல் படம் போட்டுக் காட்டினேன். ஆறு சிலிண்டர், ஆனால் பன்னிரண்டு பிஸ்டன். ஒரே சிலிண்டருக்குள் மேலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றும் எதிரெதிராக வரும், நடுவில் டீசல் எரியும், இரண்டும் பிரிந்து ஓடும். மேலே ஒரு கிராங்க், கீழே ஒரு கிராங்க், இரண்டையும் பல்சக்கரம் சேர்த்துவைக்கும். வால்வும் இல்லை. சிலிண்டர் சுவரில் ஒரு பக்கம் காற்று நுழையத் துளைகள், மறு பக்கம் புகை போகத் துளைகள், பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடிக்கொள்ளும். ராயப்பன் தாடையைச் சொறிந்து வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ ஹெட் கேஸ்கட் போகாதுல்லா?” என்றான். “அது போகாது மக்கா, மற்ற எல்லாம் போகும்” என்றேன்.

பொய்யா சொன்னேன்? ராஜஸ்தானில் மகாஜன் ரேஞ்சில் அந்த மே மாதம் நினைவிருக்கிறதா? சிலிண்டரின் உள்குழாயான லைனரின் சீல் போய் ஆயிலில் தண்ணீர் கலந்து, டிப் ஸ்டிக்கை இழுத்தால் சாயா நிறத்தில் வரும். உஸ்தாத் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது, கடிதத்தை உன் பேத்தி படித்துக் காட்டுவாள் என்று தெரியும். 39 டன் வண்டியை இழுக்க 535 குதிரைச்சக்தி. காகிதத்தில் போதும். மணலிலும் வெயிலிலும் அது மூச்சு முட்டியதை நீயும் நானும்தான் பார்த்தோம். ஆனாலும் ஆவடியில் நம் ஆட்கள் கட்டிய வண்டி. அறுபதுகளில் தொடங்கி இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள், 71 போரில் ஓடியது, 2008இல்தான் முழுசாக ஓய்வு கொடுத்தார்கள். திட்டுகிற உரிமை நமக்கு மட்டும் என்று வைத்துக்கொள்.

எக்சாஸ்ட் மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, துளை வழியாகப் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். முன்னால் நாலு சிலிண்டரில் பிஸ்டனின் பக்கமும் ரிங்கும் தெரிகின்றன. கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு, நேற்று நிறுத்தியது போல. கடைசி இரண்டில் சிவப்பு. டெக் ஜாலி வழியாக மழை நேராக அங்கேதான் விழுந்திருக்கிறது. ஒரு ரிங் லைனரோடு ஒட்டிப்போய், நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்கிறது. எல்லா இன்ஜெக்டரையும் எடுத்துவிட்டு டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போட்டிருக்கிறேன். சாயங்காலம் ராயப்பன் வந்து கம்பி போட்டுத் தம் பிடித்துப் பார்ப்பான். இதுவரை ஒரு மயிரிழை அசையவில்லை. நெருப்புக் காட்டலாம் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொறுமையாக ஊறட்டும்.

ஓட்டப்போகிறாயா என்று கேட்பாய். இல்லை. அந்தப் பைத்தியம் எனக்கில்லை, அதற்கு அனுமதியும் கிடைக்காது. கையால் சுற்றினால் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். மேனிபோல்ட் இல்லாமல் அப்படியே விட்டுவிட்டு, டெக்குக்குப் பதில் கண்ணாடிக் கூரை போட்டு, ஒரு கைப்பிடி வைத்தால், மெக்கானிக்கல் பிள்ளைகள் சுற்றிச் சுற்றித் துளை வழியாகப் பிஸ்டன் ஓடுவதைப் பார்க்கலாம். அகமதுநகர் டாங்கி மியூசியத்தில் நாம் வரிசையாகப் பார்த்தோமே, எல்லாம் பளபளவென்று வெளியே மட்டும். அதில் எனக்கு அன்றைக்கே ஒரு குறை.

இங்கேதான் சண்டை. கமிட்டியில் நாலு பேர். அவர்களுக்கு வேண்டியது வேறே. ஹேட்ச், டெக் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து மூடு, பாலைவனப் பெயின்ட் அடி, குழலில் எல்ஈடி லைட் சுற்று, முன்னால் செல்ஃபி எடுக்க மேடை கட்டு. “இன்ஜினை யாரு சார் பார்க்க வருவா, எல்லாரும் பீரங்கியைத்தானே பார்ப்பாங்க” என்கிறார் ஒருவர். அதே ஆள்தான் பீரங்கி பக்கத்தில் இருக்கும் சின்னத் துளை என்ன என்று கேட்டார். தூரம் அளக்கிற மெஷின் கன் என்றேன், 12.7 மில்லிமீட்டர். முதலில் அதை அடிப்பார்கள், குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து 105 மில்லிமீட்டர் பீரங்கியை அதற்குத் தக்கத் தூக்கி அடிப்பார்கள். லேசர் வருமுன் அதுதான் அளவுகோல். அவர் ஆச்சரியப்பட்டுப் போனார். பார்த்தாயா, சொன்னால் கேட்கத்தானே செய்கிறார்கள்?

பிரின்சிபால் சரித்திரம் படித்தவர். அவரிடம் தனியாகப் பேசினேன். “1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாயை இந்த ஊர் ஏன் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது? மார்த்தாண்டவர்மாவின் படையைப் பழக்கினார், உதயகிரிக் கோட்டையில் பட்டறை போட்டுப் பீரங்கி வார்த்தார். அந்தக் கோட்டைக்குள்ளேதான் அவர் கல்லறையும் இருக்கிறது. பட்டறைக்காரனுக்கு மரியாதை செய்த ஊர் இது” என்றேன். மனுஷன் சிரித்துவிட்டு, யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும். பலகையில் போரைப் பற்றி எழுதுவார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் ராத்திரி நின்றுபோன வண்டியை விடிவதற்குள் வரிசையில் கொண்டு நிறுத்திய கை எந்தப் பலகையில் வருகிறது சொல்? நம்ம பாலையனின் இரண்டு விரல் எந்த டாங்கிக்குள் போயிற்று என்று உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

விடு. வேலைக்கு வருகிறேன்.

பெயின்டைக் கழற்ற அந்தப் பழைய காண்டிராக்டர் மறுபடி வந்தான், சாதா மணலை அடிக்கிற மெஷினோடு. கூடவே வடக்கே இருந்து வந்த மூன்று பையன்கள், மூக்கில் வெறும் கைக்குட்டை. நான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள். சிலிக்கா தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் இறங்காது. ஞானமுத்து அண்ணாச்சி தம்பி கல்குவாரியில் இருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தபடியே தூங்கினானே, படுத்தால் மூச்சு வராமல். அவன் போய்ச் சேரும்போது என்ன வயது? அந்தப் பையன்களுக்கு அதில் பாதிகூட இருக்காது. இத்தனைக்கும் மணவாளக்குறிச்சி இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட்டோடு கார்னெட்டும் கிடைக்கிறது. இரும்பைத் தேய்க்க அதுதான் நல்லது, சிலிக்கா தொல்லையும் குறைவு. கார்னெட் வாங்கு, பையன்களுக்குக் காற்றுக் குழாய் வைத்த முகமூடி வாங்கு, இல்லாவிட்டால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பணம் ஒதுக்கினார்கள். பிரேக் லைனிங் பக்கம் யாரையும் விடவில்லை, அந்தக் காலத்து லைனிங் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தான்.

அதற்கு முன்னால் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில், திரும்பத் திரும்ப. துருக் குழிக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதைப் போக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழைக்குக் கொப்புளம்தான். அடித்துத் தேய்த்த பக்கத்தில் அன்றைக்கே துத்தநாகப் பிரைமர் ஏற வேண்டும். காலையில் வெள்ளையாக இருந்த தகடு, கடற்காற்றில் சாயங்காலம் ஆரஞ்சு பூத்துவிடுகிறது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான். படகுக்காரர்களுக்கு இது பழக்கம், ராயப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமிட்டிக்குத்தான் புரிய மாட்டேன் என்கிறது.

சக்கரத்து ரப்பர் வெடித்துப் பாளம் பாளமாகப் போய்விட்டது. மார்த்தாண்டத்தில் டயர் ரீட்ரெடிங் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அச்சு செய்து கொடுத்தால் வளையத்தையே புதிதாக ஏற்றித் தருகிறேன் என்கிறார். ரப்பர் மரத்துக்கு நடுவில் இருந்துகொண்டு இதற்கு வேறு எங்கே போவது? ஆனால் சக்கரத்தைக் கழற்றினால்தானே. டிராக்கை உடைத்து, ஹல்லுக்குக் கீழே ஜாக்கி வைத்து, ரயில் கட்டை அடுக்கி, ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் டார்ஷன் பார் மேல் இருக்கும் பாரத்தை எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். வேலை முடிந்தாலும் அந்தத் தாங்கலை எடுக்கப்போவதில்லை. பாரம் தாங்கலில் நிற்கட்டும், ரப்பர் சும்மா இருக்கட்டும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஆவடியில் சும்மா உட்கார்ந்து மகாபாரதம் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று சேவியர் சொன்னான். எழுந்திரு. பட்டாபிராம் பக்கம் ஃபாக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். டிராக் கோக்கிற இழுவை ஜோடி யாரிடமாவது இருந்தால் வாடகைக்காவது கேள். ஹப் புல்லர் அளவு கிடைத்தால் ராயப்பன் இங்கேயே லேத்தில் செய்துவிடுவான். மேல் கிராங்கில் கம்பி போடுவதா, கீழ் கிராங்கிலா? எனக்குக் கீழ் என்று ஞாபகம், ராயப்பன் மேலேதான் வசதி என்கிறான். நீ சொல்வதுதான் முடிவு என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். உன் பழைய நோட்டுப் புத்தகத்தில் படம் இருக்கும். லீலா அதை எடைக்குப் போட்டிருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதே.

வடகிழக்கு மழை பிடிப்பதற்குள் அடித்தட்டு வேலை முடிய வேண்டும். அனந்தபுரி ஏறினால் காலையில் நாகர்கோவில், நான் பைக்கில் வந்து நிற்கிறேன். டார்க் ரெஞ்சை மறக்காமல் எடுத்து வா, பெரியது. இங்கே இருப்பது பஸ் வீலுக்குத்தான் லாயக்கு.

அன்புடன்,
செல்லத்துரை

பி.கு.: கமிட்டிக் கூட்டம் அடுத்த வாரம். நீ வந்தால் உன்னையும் உள்ளே உட்கார வைக்கிறேன். உஸ்தாத்தின் அந்தச் சாயா நிற ஆயில் கதையை மட்டும் அங்கே அவிழ்த்துவிடாதே, பிரின்சிபால் ஒரு பெந்தெகொஸ்தேகாரர்.