படகோட்டியிடம் அதைக் கேட்காதீர்கள்

மும்பை, நவி மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். செம்பூர், சயான், முலுண்ட், நெருல் என்று எங்கெங்கிருந்தோ ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தானே கிரீக் என்ற கடற்கழிக்குப் பூநாரை (ஃப்ளமிங்கோ) பார்க்கப் போகிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தயிர்சாதம் கட்டிக்கொண்டு தாத்தா பாட்டியோடு வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பறவைகள் பறப்பதைப் பார்க்கப் படகைக் கிட்டே விடச் சொல்லும் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

போன பிப்ரவரியில் அக்கா மகளோடு போயிருந்தேன். அலையாத்தி மரங்களைத் தாண்டியதும் சேற்றுத்திட்டு முழுக்க இளஞ்சிவப்பாகப் பறவைகள். படகில் எங்களுக்கு முன்னால் இருந்த அப்பா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பையா, தோடா ஔர் பாஸ் லே லோ" என்று இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். தன் மகனிடம், "இப்ப பாரு, எல்லாம் பறக்கும்" என்றார். படகோட்டி தயங்கினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கேட்கவே, இஞ்சினை முடுக்கினார்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்பிவிடாது. கழுத்தை முன்னால் நீட்டி, தண்ணீரில் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். திட்டில் இருந்த அத்தனையும் ஓடின. படகில் ஒரே கைதட்டல். என் மடியில் இருந்தவள் மட்டும், "சித்தி, அதுங்க சாப்பிட்டுட்டு இருந்துச்சே" என்றாள்.

அவள் சொன்னது சரி. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சாப்பிடும் பறவை. நாக்கு பம்பு மாதிரி முன்னும் பின்னும் போகும். அலகுக்குள் சீப்புப் பல் போல இருக்கும் விளிம்புகள் சேற்றுநீரை வடிகட்டி இரையை நிறுத்திக்கொள்ளும். இங்கே அதிகமாக வரும் சிறிய பூநாரைக்கு முக்கிய உணவு கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி. அதைத் தின்று வயிறு நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இளஞ்சிவப்பு நிறமே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு சாதி அல்ல, இளம் பறவைகள்.

கடல் ஓதம் வற்றிச் சேறு வெளியே தெரியும் சில மணி நேரம்தான் அவற்றுக்குப் பந்தி. குஜராத்தின் கட்ச் பக்கத்திலிருந்து வந்தவை மழைக்கு முன்னால் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு திரும்பியாக வேண்டும். ஒவ்வொரு படகும் ஒரு தடவை விரட்டினால், அன்றைய பந்தியில் என்ன மிஞ்சும்?

2015இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 1,690 ஹெக்டேர், பாதிக்கு மேல் அலையாத்திக் காடு. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. படகுக்குள் என்ன நடக்கிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

2024 மே மாதம் காட்கோபர் மேலே விமானத்தில் மோதி 39 பூநாரைகள் செத்துப்போனபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் எவ்வளவு கண்ணீர்! அது உண்மையான கண்ணீர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான், அதே குழுக்களில் படகால் விரட்டி எழுப்பிய வீடியோக்களைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை.

பறப்பதைப் பார்க்க ஆசையா? எனக்கும்தான். சிறகை விரித்ததும் தெரியும் அந்தச் சிவப்பையும் கருப்பையும் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்கு விரட்டவே வேண்டாம். ஓதம் ஏறிச் சேறு மூழ்கியதும் அவை தாமாகவே எழும்பி நெருல் பக்கத்து நீர்நிலைகளுக்கு வரும். வற்றியதும் கிரீக்குக்குத் திரும்பும். ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் கிளம்பும் முன்னால் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாம் பீச் சாலைப் பக்கம் கொஞ்சம் பொறுமையாக நின்றால், வரிசை வரிசையாகத் தலைக்கு மேலேயே போகும்.

படகில் போனால் ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியாவது. பறவைகள் தலையை நிமிர்த்தி நடக்கத் தொடங்கிவிட்டால் நாம் ஏற்கெனவே ரொம்பக் கிட்டே போய்விட்டோம் என்று அர்த்தம். அப்போது நம்மில் யாராவது ஒருவர் வாய் திறந்து, "பையா, இஞ்சின் பந்த் கர் தோ" என்று இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நெருலில் இருந்து ஒரு சித்தி