ஜெல் பாட்டிலைக் கொஞ்சம் கழுத்துக்கும் எடுங்கள்

கடலூர், புதுச்சேரி குழந்தை மருத்துவர்களுக்கும் காது மூக்கு தொண்டை டாக்டர்களுக்கும் ஸ்கேன் டாக்டர்களுக்கும் வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அம்மா எழுதுகிறேன். குரல் வராத குழந்தையைக் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வைத்தும் பார்க்கலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். என் மகளுக்கு இரண்டாம் மாதத்தில் இதய ஆபரேஷன். பிறந்ததும் தானாக மூட வேண்டிய ரத்தக் குழாய் மூடவில்லை, அதைக் கட்டினார்கள். மூச்சு சீரானது, எடை ஏறியது, சரி பிழைத்துவிட்டாள் என்று இருந்தோம். ஆனால் அழுதால் சத்தமே இல்லை. முகம் சிவக்கும், வாய் திறக்கும், பூனைக்குட்டி முனகல் போல ஏதோ வரும். பால் குடித்தால் புரையேறும். கேட்ட இடத்தில், மூச்சுக்கு ட்யூப் போட்ட வீக்கம், சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். மாமியார் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார், அவரை மட்டும் என்ன குறை சொல்வது?

பிறகுதான் தெரிந்தது, இடது பக்கக் குரல் நரம்பு நேராகத் தொண்டைக்கு வருவதில்லை, மார்புக்குள் இறங்கி, அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறதாம். அங்கே ஆபரேஷன் செய்யும்போது அது அடிபடலாம், அடிபட்டால் இடது குரல்நாண் (தொண்டையில் குரல் எழுப்பும் மடிப்பு) அசையாது.

மூக்கு வழியாக ஸ்கோப், அதாவது கேமரா வைத்த மெல்லிய குழாய், விட்டார்கள். துண்டில் சுற்றி, நான் தலையைப் பிடித்துக்கொள்ள, எச்சிலும் துள்ளலுமாக ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, மறுபடியும் ஒருமுறை. இன்னொரு ஊரில் ஒரு டாக்டர் மடியில் வைத்தபடியே கழுத்தில் ஜெல் தடவி, ஸ்கேன் மெஷினில் தைராய்டு பார்க்கும் தட்டையான புரோபை (கையில் பிடித்து உடம்பில் வைக்கும் கருவியை) வைத்தார். அவள் அழுதது அன்றைக்கு உதவியாகவே இருந்தது, அழும்போது நாண்கள் நன்றாக அசையுமே! திரையில் வலது பக்கம் திறந்து மூடியது, இடது பக்கம் அப்படியே நின்றது. மயக்கமில்லை, கதிர்வீச்சில்லை. சின்னக் குழந்தைகளின் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு ஏறியிருக்காது, அதனால் ஒலி அலை தடையில்லாமல் உள்ளே போகிறது. வயதானவர்களிடம் இவ்வளவு தெளிவு கிடைக்காதாம்.

ஸ்கோப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்றைத் தாண்டி ஸ்கேன் பார்க்காது, மேலே குருத்தெலும்பு தொளதொளவென்று உள்ளே விழுகிறதா, கீழே மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதற்கெல்லாம் ஸ்கோப்தான் வேண்டும். மூச்சிழுக்கும்போது சத்தம் வந்து உதடு நீலமாகிற குழந்தையை ஸ்கேன் வரிசையில் உட்கார வைக்கவும் கூடாது.

கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்யாத இடத்தில் வைக்கக் கூடாது என்பதும் தெரியும், நம் ஊருக்கு அந்தச் சட்டம் வேண்டியதுதான். மெஷினை எங்கேயும் தூக்கிவரக் கேட்கவில்லை. 'கருவின் பாலினம் பார்ப்பதில்லை' என்று போர்டு தொங்குகிற அதே அறைக்குக் குழந்தையை நாங்கள் தூக்கி வருகிறோம். தைராய்டு பார்க்க அந்தப் புரோப் பல இடங்களில் ஏற்கெனவே இருக்கிறது, தொண்டை டாக்டரும் ஸ்கேன் டாக்டரும் சேர்ந்து ஒரு தடவை பார்த்தால் போதும்.

அடுத்த முறை இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையோடு ஒரு அம்மா வந்து, "அழுதா சத்தமே வரல டாக்டர்" என்று சொன்னால், வீக்கம்தான் என்று அனுப்புவதற்கு முன்னால் கழுத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு அம்மா