வேலைக்கு அனுமதி உண்டு, முறையிட வழியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூன் 12 அன்று அரசு அலுவலகங்களில் குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக உறுதிமொழி எடுக்கப்படுகிறது; தங்கள் நாளிதழும் அச்செய்தியைப் படத்துடன் வெளியிடுகிறது. ஆனால் சட்டத்தின் அனுமதியோடு வேலை செய்கிற 14 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கூலி மறுக்கப்பட்டால் அவர்கள் எங்கே போவது என்ற கேள்வி அந்நாளில்கூட எழுவதில்லை. திருப்பூர் மாவட்டத்தில், இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலராக இருப்பவன் என்ற முறையில் இதைக் குறித்து எழுதுகிறேன்.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது, குடும்பத் தொழில், கலைத்துறை ஆகிய விலக்குகள் நீங்கலாக, முழுவதும் தடை செய்யப்பட்டது. 14 முதல் 18 வரையுள்ள வளரிளம் பருவத்தினருக்கோ சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான தொழில்முறைகள் ஆகியவை மட்டுமே தடை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுவதால், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பேக்கரிக்கும் பனியன் யூனிட்டுக்கும் பட்டறைக்கும் வரும் பிள்ளையைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் குடும்பங்களின் நிலையை நேரில் பார்ப்பவன் என்பதால், முழுத் தடை வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அனுமதித்த சட்டம் நிபந்தனைகளையும் விதித்திருக்கிறது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; அதன்பின் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும்; ஓய்வும் காத்திருக்கும் நேரமும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது; இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது; ஓவர்டைம் அறவே கூடாது; வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம்; வேலையாளின் பெயரும் பிறந்த தேதியும் வேலை நேரமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நான் பேசிப் பார்த்த முதலாளிகளில் ஆறு மணி நேர வரம்பைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவரும் இல்லை. இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பணியிடத்தில் அறிவிப்பு ஒட்டச் சொல்லும் சட்டப் பிரிவே, தடையையும் தண்டனையையும் பற்றி மட்டும்தான் ஒட்டச் சொல்கிறது. வேலை நேரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கடைதோறும் 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணிபுரியவில்லை' என்ற வில்லை ஒட்டப்பட்டிருக்க, உள்ளே பதினாறு வயதுப் பையன் இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பான்.

அண்மையில் எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு வயது 16. காண்ட்ராக்ட்காரர் ஒருவர் வழியாக ஒரு சிறிய பவர் டேபிள் யூனிட்டில், அதாவது பனியன் தைக்கும் கூடத்தில், கைமடியாக (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாக) சேர்ந்திருந்தான். சனிக்கிழமை தோறும் செலவுக்கு மட்டும் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை ஊருக்குப் போகும்போது கணக்கு முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குக் கிளம்பியபோது, சாப்பாட்டுக்கும் தங்கியதற்கும் கழித்துவிட்டதாகச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். அவனிடம் இருந்த ஒரே ஆதாரம் சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு சிறிய நோட்டு. தேதிக்கு நேரே '1', '1½' என்று ஷிப்ட் கணக்கை அவனே எழுதியிருந்தான். பெரும்பாலான பக்கங்களில் ஒன்றரைதான், அதாவது நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

காவல் நிலையத்தில் இது பணத் தகராறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டத்தைப் பார்த்தால் அந்தப் பதிலை அலட்சியம் என்று தள்ளிவிடவும் முடியாது. தடை செய்யப்பட்ட வேலையில் பிள்ளைகளை வைத்தால்தான் காவல் துறை நேரடியாக வழக்குப் பதியலாம். அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலை நேர விதியை மீறினால் அதிகபட்சம் ஒரு மாதச் சிறையும் 10,000 ரூபாய் அபராதமும்தான். அதில் காவல் துறை தானாகத் தலையிட முடியாது. 18 வயதுக்குட்பட்டவரின் சம்பாத்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவருக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கச் சிறார் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு வகை செய்கிறது. கூலி இழந்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு வேறில்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டுத் திருத்தம், இத்தகைய குற்றங்களை நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரிக்க முடியாதவையாக மாற்றிவிட்டது. ஊர் பெயர் தெரியாத பையன் நடுவர் மன்றத்தைத் தேடிப் போய் மனுப் போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

மைனர் என்பதால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப் பெற்றோரோ காப்பாளரோ துணை நிற்க வேண்டும். எங்களிடம் வந்த பையனின் தகப்பனார் அதே காண்ட்ராக்ட்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தார், அவர் வருவாரா? தொழிலாளர் துறை அலுவலகத்தில் பையனை மீட்டு ஊருக்கு அனுப்பி வைக்க உடனே முன்வந்தார்கள். கூலியைப் பற்றிக் கேட்டபோது தெளிவான பதில் இல்லை. மீட்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொத்தடிமையாகக் கிடக்கும் பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் கூலி கேட்டு வருபவனை வெறுங்கையோடு பஸ் ஏற்றி அனுப்பினால், அடுத்தவன் அந்த அலுவலகத்தின் பக்கமே வர மாட்டான். கடைசியில் அந்தப் பையன் பாதித் தொகைக்கு ஒத்துக்கொண்டு போய்விட்டான். நூற்பாலை விடுதிகளில் மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லிச் 'சுமங்கலி' திட்டத்தில் சேர்க்கப்பட்ட பெண்களின் கதையும் இதுதான்; இடையில் உடம்புக்கு முடியாமல் நின்றவர்கள் உழைத்த பணத்தையே இழந்தார்கள்.

புதிய சட்டம் எதுவும் வராமலேயே செய்யக்கூடியவை உள்ளன. ஊதியச் சட்டங்களின்படி, தொழிலாளியின் சார்பில் தொழிலாளர் துறை ஆய்வாளரே கோரிக்கை மனு தாக்கல் செய்யலாம். ஆய்வின்போது 18 வயதுக்குட்பட்ட ஒருவர் கண்டறியப்பட்டால், அவருக்கு வர வேண்டிய கூலியைக் கணக்கிட்டு அதே வாரத்தில் மனுப் போடுவதைத் தொழிலாளர் துறை நடைமுறையாக்க வேண்டும்; பதிவேடு வைக்காத முதலாளியிடம், பையனின் நோட்டில் உள்ள கணக்கு தவறென்றால் அதை அவரே நிரூபிக்கச் சொல்ல வேண்டும். கடைகளில் ஒட்டும் அறிவிப்பில் ஆறு மணி நேர வரம்பையும் இரவு வேலைத் தடையையும் தமிழிலும் இந்தியிலும் சேர்க்க மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்யலாம். இந்தி என்று குறிப்பிடக் காரணம், இன்று இங்கு வேலைக்கு வரும் பிள்ளைகளில் வடமாநிலத்தவரும் உண்டு என்பதே.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி குழந்தைகளுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால் எங்கள் குழுக்கள் நீதிமன்ற வளாகத்தில் அலுவலக நேரத்தில்தான் இயங்குகின்றன. ஷிப்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் வெளியே வர வழியில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்த அனுமதி தர வேண்டும். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே 15 வயது நிரம்பியவர் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்று சொன்னது. திருப்பூரின் தொழிற்சங்கங்கள் கைமடிப் பிள்ளைகளுக்கும் உறுப்பினர் அட்டை கொடுத்தால், அடுத்த முறை காண்ட்ராக்ட்காரரிடம் கணக்குக் கேட்கப் பையனோடு ஒரு பெரியவராவது உடன் போவார்.

இங்ஙனம்,
சட்டப் பணிகள் குழுத் தன்னார்வலர் ஒருவர்,
திருப்பூர் மாவட்டம்.