காமராஜரின் தேர்தல் கதை விருதுநகரோடு முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

காமராஜரின் தேர்தல் களம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு மேல் 1967 விருதுநகர் தோல்விதான். அதை மறைக்கச் சொல்லவில்லை. சாஸ்திரியையும் பிறகு இந்திராவையும் பிரதமராக்கியதில் பெரும்பங்கு வகித்தவர், கட்சியின் அகில இந்தியத் தலைவராக இருக்கும்போதே சொந்த ஊரில் 1,285 ஓட்டில் தோற்றார் என்றால் அது பெரிய செய்திதான். ஆனால் ஏன் தோற்றார் என்பதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அரிசிப் பஞ்சம், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகள், அந்தக் கோபம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வருஷம் காங்கிரஸைச் சாய்த்தது, முதல்வர் பக்தவத்சலமே ஸ்ரீபெரும்புதூரில் தோற்றுப்போனார். ஜெயித்த பெ.சீனிவாசனை ‘யாரோ ஒரு மாணவர்’ என்று எழுதியதும் சரியில்லை. அவர் அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர்.

என் வருத்தம் குடியாத்தம் விடுபட்டுப் போனதில்தான். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானபோது அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி., சட்டமன்றத்தில் உறுப்பினரே இல்லை. ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவைக்கு வர வேண்டும். மேல்சபை இருந்தது, ராஜாஜி 1952-ல் நியமன உறுப்பினராக அந்த வழியில் வந்துதான் முதல்வரானார். காமராஜரும் அப்படி வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டுத்தான் வருவேன் என்று இடைத்தேர்தலில் நின்றார், அதுவும் விருதுநகர்ப் பக்கம் இல்லை, வட ஆற்காட்டுக் குடியாத்தத்தில், கம்யூனிஸ்ட் வேட்பாளரை எதிர்த்து. காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியாரும் அண்ணாவும் அந்தத் தேர்தலில் அவரை ஆதரித்தார்கள். ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை அவர் கைவிட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர் நின்ற தேர்தல்களில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

அப்புறம் எங்கள் ஊர். மார்ஷல் நேசமணி மறைந்து காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. விருதுநகரில் தோற்று இரண்டு வருஷம் ஆகவில்லை, ஆட்சியில் இருந்ததோ திமுக. அந்தக் கட்சியின் ஆதரவோடு நின்ற மத்தியாஸைக் காமராஜர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். என் அப்பா அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர், கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1971-ல் மறுபடியும் இங்கேதான் நின்றார். கட்சி உடைந்து, எதிரே திமுகவும் இந்திராவும் கைகோத்து நின்ற தேர்தல் அது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் அவருடைய ஸ்தாபன காங்கிரஸுக்குக் கிடைத்தது நாகர்கோவில் ஒன்றுதான். 1975 அக்டோபர் 2-ல் இறக்கும்போது அவர் எங்கள் எம்.பி. இதெல்லாம் கட்டுரையில் ஒரே வரியில், ‘பின்னர் மக்களவைக்குச் சென்றார்’ என்று முடிந்துவிட்டது. படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னும் ஒன்று, பலருக்குத் தெரியாதது. 1941-ல் சிறையில் இருந்தபோதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்து பொறுப்பேற்றவர், முழு நேரமும் செய்ய முடியாத பதவி எதற்கு என்று உடனே விலகிவிட்டார்.

ஜூலை 15 சிறப்பிதழுக்கு இந்தக் கட்டுரையைத்தான் மறுபடி போடுவதாக இருந்தால், 1937-ல் சாத்தூரில் ஜெயித்ததில் தொடங்கி வரிசையாக எல்லாத் தேர்தல்களையும் போடுங்கள். குடியாத்தத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
நாகர்கோவில்