எலும்பு போகும் திசை

அன்புள்ள கமலா,

கடிதமும் நாலு போட்டோவும் வந்து சேர்ந்தன. நாடகம் 1775 லண்டன், தைக்க வேண்டியது மூன்று ஸ்டேஸ் (அந்தக் காலப் பெண்கள் கவுனுக்குள் போட்ட விறைப்பான உள்ளங்கி), கையில் ஆறு வாரம். தாராளமாகப் போதும். ஆனால் அந்த முன்பக்கக் கொக்கி வைத்த பேட்டர்னை முதலில் ஓரமாக வைத்துவிடு. அது விக்டோரியா காலத்துக் கார்செட். முன்னால் திறக்கும் இரும்புப் பட்டியும் கயிறு கோக்கும் ஓட்டைக்கான உலோக வளையமும் (ஐலெட்) 1820-களின் கடைசியில்தான் வந்தன. ஓட்டையும் கொக்கியும் போகட்டும், உருவமே வேறு. கார்செட் இடுப்பை உள்ளே குடைந்து உடுக்கை மாதிரி ஆக்கும். ஸ்டேஸ் உடம்பைப் புனலாக்கும்: மேலே அகலம், கீழே குறுகல், முன்பக்கம் பலகை போல நேர். கார்செட்டின் மேல் 1775 கவுனைப் போட்டால் வயிற்றுப் பக்கம் துணி சுருங்கிச் சுருங்கி நிற்கும். கவுன் தைத்தவரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

இனி நீ தைத்துப் பார்த்த மாதிரி உடை. காடாத்துணியில் வெட்டி, எலும்பு (துணியை விறைப்பாக நிறுத்தும் பட்டி) வைக்காமலே நடிகைக்கு உடுத்திப் பார்த்திருக்கிறாய். அதில் ஒன்றும் தெரியாதடி. வெறும் துணி உடம்போடு வளைந்துவிடும், எலும்பு வளையாது. கெட்டியான கேன்வாஸில் மாதிரி வெட்டி, ஒரு பாதிக்கு ஏழெட்டு கேபிள் டையை (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி) செலோடேப்பால் ஒட்டி, முதுகில் கயிறு கட்டிப் பார். அப்போதுதான் தப்பு எங்கே என்று தெரியும்.

இருந்தாலும் மூன்றாவது போட்டோவில் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. இடுப்புக்குச் சற்று மேலே குறுக்கே ஒரு மடிப்பு, அதோடு தோள்பட்டி எழும்பி நிற்கிறது. பேட்டர்னின் இடுப்புக் கோடு அந்தப் பெண்ணின் இடுப்பைவிடக் கீழே இருக்கிறது, அதுதான் காரணம். கீழ்விளிம்பு இடுப்பெலும்பில் முட்டி, மொத்தத்தையும் மேலே தள்ளுகிறது. தோள்பட்டியைக் குட்டையாக்கி இதைச் சரி செய்யப் பார்க்காதே, அக்குளில் வெட்டும். கீழே பிளந்து விரியும் இதழ்கள் இருக்கின்றனவே, அந்தப் பிளவுகளின் உச்சியை இடுப்புக் கோடு வரை ஏற்று. ஒன்றரை செ.மீ. போதும் என்று நினைக்கிறேன். பிளவு எங்கே முடிகிறதோ அங்கேதான் ஸ்டேஸின் இடுப்பு.

முதுகில் கயிறு கட்டும் இரண்டு ஓரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியும் பார். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, 4 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். உன்னுடையது மேலே குறுகி, இடுப்பில் அகன்றிருக்கிறது. இடுப்பு அளவை அதிகமாகக் குறைத்துவிட்டாய். அவள் மார்பு 90, இடுப்பு 72 என்றால், தைத்து முடித்த துணி 84-க்கு 66 இருந்தால் போதும். அந்த 6 செ.மீ.யில் 4 இடைவெளியாகவே போய்விடும். உடம்பை உண்மையில் அழுத்துவது 2 செ.மீ.தான். இறுக்கிக் கட்டி இடுப்பைக் காட்டுவது ஸ்டேஸின் வேலையே இல்லை. மேலே அகலமாக இருப்பதால்தான் கீழே ஒடுங்கித் தெரிகிறது.

அந்த அகலத்தைக் கொடுப்பது எலும்பு போகும் திசை. நடு முன்பக்கத்தில் எலும்புகள் செங்குத்தாக நிற்கும். அடுத்த துண்டில் மேலே விரிந்து, இடுப்பில் நடுவை நோக்கிச் சாயும், பாதி விரித்த விசிறி போல. பக்கவாட்டில் சாய்வு குறையும், முதுகு ஓரத்தில் மறுபடி செங்குத்து. எல்லாவற்றையும் நேராக நிறுத்தினால் வயிறு தட்டையாகும், மார்பும் சேர்ந்து தட்டையாகும். மார்பு வட்டம் நிற்க, மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்பக்கமாகக் குறுக்கே இரண்டு மூன்று எலும்பு தனியாகத் தைத்து வை. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

எலும்பு என்று சொல்கிறோமே தவிர, அந்தக் காலத்தில் வைத்தது திமிங்கலத்தின் மேல்வாயில் சீப்பு மாதிரித் தொங்கும் பலீன் தகடு. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். நீளவாக்கில் எவ்வளவு மெல்லிசாகவும் பிளக்கலாம், உடம்புச் சூட்டில் இளகி உருவத்துக்குப் படியும். இன்று அதைத் தேட வேண்டாம். அதைப் போலவே ஜெர்மனியில் செய்த பிளாஸ்டிக் பட்டி சுருளாகக் கிடைக்கிறது. 6 மில்லி அகலம் வாங்கு. சுருளின் வளைவு போக, மேலே துணி போட்டு இளஞ்சூட்டில் இஸ்திரி தேய். பணம் இடித்தால் ஹார்டுவேர் கடைக் கேபிள் டையே போதும், ஆனால் நாலைந்து ஒத்திகைக்குப் பிறகு இடுப்பில் மடங்கிய இடம் மடங்கியபடியே நிற்கும். எதுவானாலும் வெட்டிய முனையை நகவெட்டியால் வட்டமாக்கி, உப்புத்தாளில் தேய்த்துவிடு. கூர் முனை ஒரே வாரத்தில் துணியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

முழுக்க முழுக்க எலும்பு வைக்காதே, பாதி எலும்பு வைத்ததே 1775-க்குப் பொருந்தும். ஒரு ஸ்டேஸுக்கு 40 குழாய் (எலும்பு நுழைய இரண்டு தையலுக்கு நடுவே விடும் வழி) என்று வைத்துக்கொள், 14 மீட்டர் பட்டி ஆகும். கெட்டி லினன் இரண்டு அடுக்கு, அதன்மேல் வெளித்துணி. எலும்பு இரண்டு லினனுக்கும் நடுவில் போகும். 6 மில்லி எலும்புக்கு 7 மில்லி குழாய். இங்கே ஒரு கணக்கு: எலும்பு நுழைந்ததும் துணி உப்பும், அகலம் குறையும். குழாய்க்கு அரை மில்லி என்றாலும் 40 குழாயில் 2 செ.மீ. போயிற்று. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் குழாய் அடித்து, எலும்பு போட்டு, மறுபடி அளந்த பிறகே ஓரத்தை மடி. துணி வெட்டும்போது இடுப்பைச் சுற்றி இழுவை விழும் திசையில் நூல் ஓட வேண்டும். கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, விழுந்த துண்டு நாளுக்கு நாள் இழுபட்டு விரியும், கடைசியில் முதுகு இடைவெளியே இருக்காது.

மேடைக்கு மெஷின் தையல் போதும். பக்கத்தில் வந்து பார்க்கிற இடமென்றால் தேன்மெழுகு தடவிய லினன் நூலால் பின்தையல், செ.மீ.க்கு நாலு. துண்டுகளைச் சேர்ப்பது நம் ரவிக்கை மாதிரி இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடித்து, ஓரம் மடித்து, நல்ல பக்கங்களை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் நெருக்கமாகச் சுற்றித் தைப்பார்கள். பிரித்து விரித்தால் மூட்டு தட்டையாகப் படுக்கும். அந்தக் கால லண்டனில் ஸ்டேஸ் தைப்பது பெரும்பாலும் ஆண்களின் தொழில். அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெயின் இருக்கிறாரே, அவர் அப்பாவின் பட்டறையில் கற்றது இந்த வேலைதான். கெட்டிப் பக்ரமில் நாள் முழுக்க ஊசி தள்ளிப் பார்த்தால் கைவலு எதற்கு என்று புரியும்.

ஐலெட் ஓட்டையைக் கத்தரியால் வெட்டாதே. குத்தூசியால் இழைகளை விலக்கி, சுற்றிலும் நூல் சுற்று. இழை அறுந்தால் பத்தே நாளில் கிழியும். ஓட்டை வரிசைக்கு இருபுறமும் ஒவ்வொரு எலும்பு கட்டாயம், இல்லையென்றால் இழுத்துக் கட்டும்போது விளிம்பு அக்கார்டியன் மாதிரிச் சுருங்கும். உன் படத்தில் ஓட்டைகள் ஷூவில் போல எதிரெதிரே இருக்கின்றன. இதற்கு ஒற்றைக் கயிறு, சுருளாக ஏறும். ஒரு பக்க ஓட்டை மறுபக்க ஓட்டைகளுக்கு நடுவில் விழ வேண்டும். உச்சியில் ஒரு ஜோடி, அடியில் ஒரு ஜோடி மட்டும் நேருக்கு நேர். எல்லாமே நேராக இருந்தால் கட்டி முடிக்கும்போது ஒரு பக்கம் அரை ஓட்டை தூக்கிக்கொள்ளும்.

ஓரப்பட்டிதான் கண்ணீர் வரவைக்கும் வேலை. பன்னிரண்டு இதழ், பதினொரு பிளவு. பிளவின் உச்சியில் முதலில் நாலு தையல் குறுக்கே போட்டுப் பூட்டு, பிறகு பட்டி. மெல்லிய ஆட்டுத்தோல் 2 செ.மீ. அகலத்தில் வெட்டிக்கொண்டால் உள்பக்கம் மடிக்க வேண்டாம், பிசிறும் வராது, உச்சியில் இழுத்துத் திருப்பலாம். தோலுக்கு முக்கோண முனை ஊசி வாங்கு. லைனிங் கடைசியில், பெரிய பெரிய தையலில். அழுக்கானால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம், ஸ்டேஸைத் துவைக்க வேண்டாம். உள்ளே லினன் ஷிஃப்ட் (உடம்போடு ஒட்டிப் போடும் தளர்ந்த உள்ளாடை) இல்லாமல் யாரும் போடக் கூடாது.

நடிகைகளிடம் ஒன்று சொல்லி வை: முதலில் காலணி, பிறகு ஸ்டேஸ். கட்டிய பிறகு குனிந்து பக்கிள் மாட்ட முடியாது.

எலும்பு வைத்த மாதிரியை முன், பக்கம், முதுகு மூன்றும் தெரியப் படம் எடுத்து அனுப்பு. இடைவெளியை மேலே, நடுவே, இடுப்பில் அளந்து படத்துக்குப் பின்னால் எழுதிவிடு. அதைப் பார்த்துவிட்டுத்தான் லினனில் கத்தரி வைக்க வேண்டும்.

அன்புடன்,
வசந்தா